கண் பிரஷர் நோர்மல் என்றால் போதுமா? குளுக்கோமா பரிசோதனைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சீயாக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அம்மா, வலது கண் எரிகிறது என்று அதைக் கையால் பொத்திக்கொண்டு ஹோலில் நின்றார். எதிரே சுவரில் கலண்டர். "பிள்ளை, முருகன்ர முகத்தைக் காணேல்லை, கீழ இருக்கிற திகதி மட்டும்தான் தெரியுது" என்றார். கையை எடுத்தால் முழுப் படமும் தெரிகிறது. மறுபடி பொத்தினால் முகம் இல்லை. கறுப்பாகவும் இல்லை, சும்மா ஒரு புகைபோல என்றார்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்புதான் ஓரிடத்தில் அவருடைய கண்ணில் காற்றடித்துப் பார்த்து, 16 என்று சின்னத் துண்டொன்றில் எழுதி, "பிரஷர் நோர்மல்" என்று அனுப்பியிருந்தார்கள். அந்தத் துண்டை நம்பி நாங்களும் இருந்துவிட்டோம். இடது கண்ணின் மேற்பாதிப் பார்வை அதற்குள் கரைந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு வந்தது குளுக்கோமாதான், பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும் நோய். இன்றுவரை அவருடைய கண் அழுத்தம் 21ஐத் தாண்டியதே இல்லை.

இப்படி ஒரேயொரு இலக்கத்தோடு வேறு யாரும் வீட்டுக்குத் திரும்பக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கொழும்பில் இருந்துகொண்டு, என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும், ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும், வரும் தாள்களை எப்படிப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். வைத்தியர் சொல்வதற்குப் பதிலாக இதை எடுக்காதீர்கள். வைத்தியரிடம் சரியான கேள்விகளோடு போக இது உதவும்.

முதலில் 'பிரஷர்' என்ற சொல்

நம்மில் பலர் இரத்த அழுத்தத்தையும் பிரஷர் என்கிறோம், கண் அழுத்தத்தையும் பிரஷர் என்கிறோம். எங்கள் மாடியில் இருக்கும் ஓர் அன்ரி, "நான் பிரஷருக்குக் குளிசை எடுக்கிறன்தானே, கண்ணுக்கும் அதுவே காணும்" என்றார். காணாது. இரண்டும் வேறு. கையில் பட்டி கட்டி அளப்பது இரத்தம் குழாயை அழுத்தும் அளவு. கண் அழுத்தம் என்பது கண்ணின் முன்பகுதியில் சுரக்கும் ஒரு திரவத்தின் அழுத்தம். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் நீர்மயவுடனீர் என்று படித்தோமே, அதுதான். கண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்தத் திரவம் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று மைக்ரோலீற்றர் அளவில் சுரந்து, கண்மணி வழியாக முன்னால் வந்து, கதிராளியும் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) விழிவெண்படலமும் (கண்ணின் முன்னால் உள்ள, ஒளி புகும் படலம்) சந்திக்கும் மூலையில் இருக்கும் வடிகட்டி போன்ற வலை ஊடாக வெளியேறுகிறது. வலை மெல்ல அடைபட்டால் திறந்த கோணக் குளுக்கோமா. கதிராளியே முன்னால் தள்ளி அந்த மூலையை மூடிவிட்டால் மூடிய கோணக் குளுக்கோமா. எந்த வழியில் வந்தாலும் கடைசியில் அடிவாங்குவது பார்வை நரம்பு. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நார்கள் சேர்ந்த ஒரு கட்டு அது. செத்த நார் திரும்பி வருவதில்லை. மருந்தும் லேசரும் சத்திரசிகிச்சையும் மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்றும்.

சாதாரண கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் என்பார்கள். அந்த 21, ஆரோக்கியமான ஆட்களின் சராசரியிலிருந்து கணக்குப் போட்டு வைத்த கோடு. அதற்குக் கீழே நோய் இல்லை, மேலே நோய் என்று கண் பிரித்துப் பார்ப்பதில்லை. ஜப்பானின் தஜிமி நகரில் 40 வயதைத் தாண்டியவர்களை ஆராய்ந்தபோது, திறந்த கோணக் குளுக்கோமா இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேரின் அழுத்தம் 21 அல்லது அதற்குக் குறைவு. மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில், அழுத்தம் கூடியும் நரம்பு பழுதடையாமல் இருந்தவர்களைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தே விடாதவர்களில் ஐந்து வருடத்துக்குள் குளுக்கோமா வந்தது 9.5 வீதத்தினருக்கு. மருந்து விட்டவர்களில் 4.4 வீதம். அதாவது அழுத்தத்தைக் குறைத்தால் பலன் நிச்சயம், ஆனால் அழுத்தத்தை மட்டும் பார்த்து யாருக்கு நோய் என்று சொல்ல முடியாது.

படி 1: யார் போக வேண்டும், எங்கே போகலாம்

40 வயதானால் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் ஒருமுறை முழுமையாகப் பாருங்கள். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது குளுக்கோமா இருந்தால் அதற்கும் முன்பே. சீனி வருத்தம் உள்ளவர்கள், கிட்டப்பார்வைக்குக் கூடிய பவரில் கண்ணாடி போடுகிறவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், ஸ்டீராய்ட் பாவிப்பவர்கள் எல்லாரும் இதில் சேர்த்தி. ஸ்டீராய்ட் என்றால் குளிசை மட்டுமல்ல. கண்ணுக்கு விடும் துளி, தொய்வுக்கு உறிஞ்சும் பம்ப், முகத்தை வெள்ளையாக்க என்று கடையில் வாங்கிப் பூசும் சில கிறீம்கள்கூட அதில் வரும். முகத்தில் கண்ணருகே மாதக்கணக்கில் பூசினால் கண் அழுத்தம் ஏறலாம்.

அரசாங்கப் பக்கம் என்றால் லிப்டன் சுற்றுவட்டத்தருகே உள்ள தேசிய கண் வைத்தியசாலை. அங்கு சிகிச்சை இலவசம். ஓட்டோக்காரருக்கு 'அக்ஷி ரோஹல' என்றால் உடனே புரியும். காலையோடு போங்கள், முழு நாளையும் அதற்கென்று ஒதுக்குங்கள். தனியார் என்றால் கண் வைத்தியரை செனல் பண்ணும்போதே, பார்வைப்புல மெஷினும் (சுற்றிவர எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) ஓ.சி.டி. ஸ்கேனும் (நரம்பு நார்களின் தடிப்பை அளப்பது) அதே இடத்தில் இருக்கிறதா, அன்றே செய்வார்களா, அதற்கான கட்டணம் தனியா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பரிசோதனைக்கு மூன்று தடவை காலி வீதியில் ஏறி இறங்க வேண்டிவரும்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது கண்ணாடிக்கான சோதனை. அதில் 6/6 வந்தாலும் குளுக்கோமா இருக்கலாம், ஏனென்றால் நடுப்பார்வை கடைசிவரை தெளிவாகவே நிற்கும். அம்மா அந்தக் கலண்டர் நாள்வரை ஊசியில் நூல் கோத்தவர்.

படி 2: போகும் முன் ஆயத்தம்

எடுக்கிற எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். தொய்வு, இருதய வருத்தம் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலோல் போன்ற துளிகள் கண் வழியாக உடம்புக்குள் போய் மூச்சை இறுக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும். ஏற்கனவே துளி மருந்து விடுகிறவர்கள், வைத்தியர் நிறுத்தச் சொல்லாவிட்டால் அன்றும் விட்டுவிட்டே போங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு விட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போவதற்குச் சற்றுமுன் ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காதீர்கள். ஒரு லீற்றர் தண்ணீரை வேகமாகக் குடித்தால் கண் அழுத்தம் கொஞ்ச நேரம் ஏறும். கழுத்தை இறுக்கும் சேர்ட் கொலரும் டையும் அப்படித்தான். (சிரசாசனம் செய்கிறவர்கள் கவனிக்க: தலைகீழாக நிற்கும் நேரத்தில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.) கொன்டக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றி வைக்கப் பெட்டி கொண்டுபோங்கள், பழைய கண்ணாடியையும் சேர்த்து. கூட ஒருவர் வரட்டும். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் நான்கைந்து மணித்தியாலம் கிட்ட இருப்பது மங்கும், வெளிச்சம் குத்தும். வாகனம் ஓட்ட முடியாது.

படி 3: அழுத்தத்தை அளப்பது

மூன்று விதமாக அளப்பார்கள். காற்றடிக்கும் மெஷின் வேகமானது, கண்ணைத் தொடாது, முதற்கட்டமாகப் பார்க்க நல்லது. திடுக்கிட்டு இமையை இறுக்கினால் அளவு கூடிக் காட்டும். இன்னொன்று கையில் பிடிக்கும் சின்னக் கருவி. மெல்லிய ஊசிபோன்ற ஒன்று கண்ணைத் தட்டிவிட்டு வரும், மரத்துப்போகும் மருந்தே தேவையில்லை. பிள்ளைகளுக்கும், தலையை நிமிர்த்தி வைக்க முடியாதவர்களுக்கும் ஏற்றது.

மற்ற எல்லாவற்றையும் சரிபார்க்க அளவுகோலாக இன்றும் வைத்திருப்பது கோல்ட்மன் முறை. ஒரு சொட்டு மரத்துப்போகும் மருந்து, பிறகு மஞ்சள் சாயம். நாடியை மெஷினில் வைத்து நேரே பார்க்கச் சொல்வார்கள். நீல வெளிச்சம் ஒன்று நெருங்கி வந்து கண்ணைத் தொடும், வலிக்காது. அந்தப் பக்கம் வைத்தியருக்குப் பச்சை நிறத்தில் இரண்டு அரைவட்டங்கள் தெரியும். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நிறுத்தி அளவை எடுப்பார். அந்த நேரம் மூச்சை அடக்காதீர்கள், அடக்கினால் அளவு ஏறும். பிறகு ஓர் அரைமணி நேரம் கண்ணைக் கசக்கக் கூடாது. கண் மரத்திருப்பதால் கீறல் விழுந்தாலும் தெரியாது.

கண் அழுத்தம் நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஆரோக்கியமான கண்ணிலேயே 3 முதல் 6 வரை ஏறி இறங்கும், குளுக்கோமாக் கண்ணில் இன்னும் கூட. பலருக்குக் காலையில்தான் உச்சம். மாலை ஆறு மணி செனலிங்கில் மட்டுமே ஒருவர் எப்போதும் அளந்தால் அவருடைய உச்சம் பிடிபடாமலே போகலாம். ஆகவே ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள், ஒருமுறையாவது காலையில் அளக்கக் கேளுங்கள்.

படி 4: விழிவெண்படலத்தின் தடிப்பு

ஒரு நிமிட வேலை. அழுத்தத்தை அளப்பது முன்படலத்தை அழுத்திப் பார்த்துத்தான் என்பதால், படலம் மெல்லியதாக இருந்தால் உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டும். தடித்திருந்தால் கூட்டிக் காட்டும். சராசரி 540, 550 மைக்ரோன் அளவில், அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அம்மாவுக்கு 492. அந்த 16இன் அர்த்தமே இதைப் பார்த்த பிறகு மாறிவிட்டது. கண்ணாடி போடாமல் இருப்பதற்காக லேசர் செய்துகொண்டவர்களுக்கும் படலம் மெலிந்திருக்கும், மறக்காமல் சொல்லுங்கள். வாழ்நாளில் ஒருமுறை அளந்து எழுதி வைத்தால் பெரும்பாலும் போதும்.

படி 5: கோணத்தைப் பார்ப்பது

பலர் கேள்விப்படாத சோதனை இது. கோனியோஸ்கொப்பி என்பார்கள். கண்ணை மரக்கவைத்து, உள்ளே கண்ணாடிகள் பதித்த ஒரு லென்ஸைக் கண்மேல் வைத்து, திரவம் வெளியேறும் மூலை திறந்திருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த மூலையை நேரே பார்க்க முடியாது, இந்தக் கண்ணாடிகள் ஊடாகத்தான் தெரியும். அறை இருட்டாக இருக்க வேண்டும், வெளிச்சத்தில் கண்மணி சுருங்கி ஒடுங்கிய மூலையும் திறந்ததுபோலத் தெரியும். கண்ணில் ஏதோ பாரமாக வைத்ததுபோல இருக்கும், அவ்வளவுதான்.

மூடிய கோணம் ஆசியர்களிடம் கூடுதலாக இருப்பதால் நம்மவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. சிகிச்சையும் இதை வைத்தே பிரிகிறது: மூலை ஒடுங்கியவர்களுக்குக் கதிராளியில் லேசரால் ஒரு சின்னத் துளை போட்டு வழி திறப்பதுண்டு. கண்மணியை விரிக்கும் மருந்து விடும் முன் இது நடக்க வேண்டும். ஒடுங்கிய மூலை உள்ளவருக்குக் கண்மணியை விரித்தால் மூலை முழுதாக அடைபடவும் கூடும். "டொக்டர், கோணம் பார்த்தீங்களா? திறந்திருக்குதா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

இங்கே ஒரு அவசரச் செய்தி. மூலை திடீரென்று அடைபட்டால் கண் சிவக்கும், பார்வை மங்கும், பல்ப்பைச் சுற்றி வானவில் போன்ற வளையங்கள் தெரியும், கடுமையான தலையிடியோடு வாந்தியும் வரும். வாந்தியைப் பார்த்துவிட்டு வாய்வு, ஒற்றைத் தலையிடி என்று பனடோலைக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். மணித்தியாலக் கணக்கில் நரம்பு போகும். இரவென்றாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

படி 6: நரம்பையே பார்ப்பது

கண்மணியை விரித்து, பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தை வைத்தியர் பார்ப்பார். அந்த வட்டத்தின் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். நார்கள் சாகச் சாக விளிம்பு மெலிந்து பள்ளம் அகலும். 0.3, 0.7 என்று கொப்பியில் எழுதுவது வட்டத்தில் பள்ளம் எவ்வளவு என்ற கணக்கு. இலக்கம் பெரிதென்றாலே நோயல்ல, பிறப்பிலேயே பெரிய வட்டம் உள்ளவர்களுக்குப் பள்ளமும் பெரிதாக இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இடையே 0.2க்கு மேல் வித்தியாசம், விளிம்பில் ஓரிடத்தில் கடித்ததுபோன்ற வெட்டு, ஓரத்தில் கீறுபோல ஓர் இரத்தக் கசிவு, இவைதான் சந்தேகத்தைக் கிளப்புபவை. ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஓ.சி.டி. ஸ்கேன் நார்ப்படையின் தடிப்பை மைக்ரோனில் அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். வலியில்லை, சில வினாடிதான். சிவப்பைப் பார்த்து உடைந்துபோகாதீர்கள். மெஷினில் பதிந்திருக்கும் ஆரோக்கியமான ஆட்களின் அளவோடுதான் அது ஒப்பிடுகிறது. கிட்டப்பார்வை கூடியவர்களின் கண் அமைப்பே வேறு என்பதால் நோயில்லாமலே சிவப்புக் காட்டும். படம் தரமாக வந்ததா என்று தாளிலேயே ஓர் இலக்கம் இருக்கும். அது குறைந்திருந்தால், கண்புரையோ காய்ந்த கண்ணோ காரணமாக இருக்கலாம், அந்த ஸ்கேனை நம்பக் கூடாது.

படி 7: பார்வைப்புலச் சோதனை

இதில்தான் அதிகம் குழம்புகிறோம், இதுதான் கண்ணுக்கு உண்மையில் எவ்வளவு தெரிகிறது என்று சொல்வதும். ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி. அதிலிருந்து கண்ணை எடுக்காமல், சுற்றிவர எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அமத்த வேண்டும். ஒரு கண்ணுக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம். வழக்கமான 24-2 சோதனையில் 54 இடங்களைப் பார்ப்பார்கள்.

அம்மா முதல்முறை வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. "ஒண்டும் தெரியேல்லை பிள்ளை, கனக்க விட்டிட்டன். பயத்தில சத்தம் கேக்கக் கேக்க அமத்திப்போட்டன்" என்றார். அந்தத் தாளில் பிழையாக அமத்தியது 31 வீதம். 15 வீதத்தைத் தாண்டினாலே சந்தேகத்தோடு பார்ப்பார்கள். வைத்தியர் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். அம்மாவுக்கு யாரும் சொல்லாத விஷயம் இதுதான்: மெஷின் வேண்டுமென்றே வெளிச்சத்தை மங்கச் செய்துகொண்டே போகும், எந்த இடத்தில் உங்களுக்குத் தெரியாமல் போகிறது என்று பார்ப்பதற்காக. ஆரோக்கியமான கண்ணுக்கும் ஏறக்குறைய பாதி வெளிச்சங்கள் தெரியாது. தெரியாவிட்டால் அமத்தாமல் இருப்பதுதான் சரியான பதில்.

இன்னொன்று, கொழும்பில் நம் முதியவர்களுக்கே உரிய சிக்கல். இருட்டறையில் விளக்கம் சிங்களத்தில் வரலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிள்ளைகளோடு வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர், புரியாமலே தலையாட்டிவிட்டு உள்ளே போவார். இந்தச் சோதனையில் விளக்கம் புரியாவிட்டால் முடிவே பிழைக்கும். 'மெத பலாகென இன்ன' என்றால் நடுவையே பார்த்துக்கொண்டிருங்கள், 'எலிய பேனகொட ஒபன்ன' என்றால் வெளிச்சம் தெரியும்போது அமத்துங்கள். இரண்டாவது முறைக்கு முன் வீட்டில் சுவரில் ஒரு பொட்டை ஒட்டினேன். அம்மா அதைப் பார்த்தபடி இருக்க, பக்கவாட்டில் என் விரலை ஆட்டினேன், தெரிந்தபோது பேனையின் மேல்முனையை அமத்தினார். மூன்று நாள் பழகினோம். அந்த முறை பிழை 6 வீதம்.

களைத்தால் பட்டனை விடாமல் அமத்திப் பிடியுங்கள், பரவலாகப் பாவிக்கும் ஹம்ப்ரி மெஷின் நின்று காத்திருக்கும். அமத்தும்போதே கண்ணைச் சிமிட்டிக்கொள்ளலாம். மேல் இமை தொங்குகிறவர்களுக்குப் பிளாஸ்டரால் தூக்கி ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேற்பாதி கறுத்து வரும். இரவு நித்திரை இல்லாத நாளில் போகாதீர்கள். எல்லாருக்கும் முதல் சோதனை கொஞ்சம் மோசமாகத்தான் வரும். இரண்டு மூன்று எடுத்த பிறகே அடிப்படை என்று ஒன்று கிடைக்கும்.

தாளில் முதலில் பார்க்க வேண்டியது மேலே இடப்பக்கம்: கண் அலைந்தது எத்தனை தடவை, பிழையாக அமத்தியது எத்தனை வீதம். அது சரியாக இருந்தால்தான் மிச்சத்தைப் படிக்கலாம். வலது கண்ணில் வலப்பக்கமும் இடது கண்ணில் இடப்பக்கமும் தெரியும் ஒரு கறுப்புப் புள்ளி எல்லாருக்கும் உள்ள குருட்டிடம், பயப்பட வேண்டாம். பிறகு எம்.டி. என்ற இலக்கம், பார்வைப்புலம் சராசரியாக எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற கணக்கு. 0க்குக் கிட்ட நல்லது. மறை 6 வரை ஆரம்பக் கட்டம், மறை 12 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் கடுமை என்பது பொதுவான வகுப்பு. அம்மாவின் இடது கண் மறை 8.4. மேலே வில்போல வளைந்த கறுப்பு, ஓ.சி.டி.யில் நரம்பின் கீழ்ப்பக்கம் சிவப்பு. கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால் கீழ் நரம்பு போனால் மேற்பார்வை போகும். இரண்டு தாளும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தினால் சந்தேகம் தீர்ந்தது.

பார்வைப்புலம் சுத்தமாக வந்தாலும் ஓ.சி.டி.யும் நரம்பும் ஏன் என்று கேட்பார்கள். அந்தச் சோதனையில் குறை தெரியும்போது நரம்புக் கலங்களில் கால்பங்குக்கு மேல் ஏற்கனவே போயிருக்கக்கூடும் என்பதால்தான்.

படி 8: பைல், அடுத்த திகதி, குடும்பம்

ஒரு பைல் வாங்கி, எல்லாத் தாளையும் திகதி வரிசையில் போடுங்கள், போனிலும் படமெடுத்து வையுங்கள். கிளினிக் கொப்பியில் வைத்தியர் மாறினாலும் தாள்கள் மாறாது. முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மெஷினில் செய்யுங்கள். வேறு கம்பனியின் ஓ.சி.டி. அளவை இதோடு ஒப்பிட முடியாது. நோய் உறுதியானால் முதல் இரண்டு வருடம் பார்வைப்புலத்தை அடிக்கடி எடுப்பது நல்லது, வேகமாகப் போகும் கண்ணை அப்போதுதான் பிடிக்கலாம். சந்தேகம் மட்டும் என்றால் மருந்தில்லாமல் ஆறு மாதம், ஒரு வருடம் என்று பார்த்துக்கொண்டு வரச் சொல்லலாம். அதை "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொண்டு போகாமல் விடாதீர்கள்.

வைத்தியரிடம் உங்கள் இலக்கு அழுத்தம் என்ன என்று கேளுங்கள். நரம்பு எவ்வளவு போயிருக்கிறது, வயது என்ன என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் அது வேறு. அம்மாவுக்கு 12. பைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

பிறகு சொந்தக்காரர். அம்மாவின் தம்பி கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், வயது 58. "எனக்கு நல்லாத் தெரியுது, என்னத்துக்கு?" என்று நான்கு மாதம் இழுத்தடித்தார். போன மாதம் அவருடைய ஒரு கண்ணைப் பொத்தி எங்கள் கலண்டரைப் பார்க்கச் சொன்னேன், எல்லாம் தெரிந்தது. ஆனாலும் அழைத்துப் போனோம். பார்வைப்புலம் சுத்தம், அழுத்தம் 19, இரண்டு கண்ணிலும் மூலை ஒடுக்கம். வரும் செவ்வாய்க்கிழமை லேசர்.